ஒரே ஒரு புள்ளி கையிருப்பு: எவர்டன் தப்பித்த கணக்கு

2022-23 பருவம் முடிந்தபோது இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கின் புள்ளிப்பட்டியலில் கடைசி நான்கு இடங்களில் எவர்டன் 36, லெஸ்டர் சிட்டி 34, லீட்ஸ் யுனைடெட் 31, சவுத்தாம்ப்டன் 25 என்று புள்ளிகள் இருந்தன. எவர்டன் தங்கியது, மற்ற மூன்றும் அடுத்த பிரிவுக்குத் தரமிறக்கப்பட்டன. பிரீமியர் லீக்கில் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்ட அணிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதிசயம், அதிர்ஷ்டம், கடைசி நாள் கண்ணீர் ஆகியவைதான் முன்னால் வந்து நிற்கின்றன. டேவிட் மோயஸ் முதன்முறை மேலாளராக இருந்த காலம்தொட்டு எவர்டனைப் பின்தொடர்கிறவன் நான். அந்தக் கண்ணீரில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அந்தப் பருவத்தின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது, அடிமட்டத்தில் தத்தளிக்கும் ஓர் அணியின் வாய்ப்பு எங்கே இருக்கிறது என்பது ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையை ஓரம் வைத்துவிட வேண்டும். 40 புள்ளி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வருணனையாளர்கள் ஆண்டுதோறும் சொல்கிறார்கள். 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் கீழே போனது. 1998இல் எவர்டனும் போல்ட்டனும் சரியாக 40 புள்ளிகளில் நின்றன. கோல் வித்தியாசத்தில், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்த கணக்கில், எவர்டன் தங்கியது, போல்ட்டன் இறங்கியது. மறுபக்கம், 2004-05இல் வெஸ்ட் பிராம்விச் 34 புள்ளிகளோடும், 2023-24இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 32 புள்ளிகளோடும் பிழைத்தன. அடிமட்டத்தில் இருக்கும் அணிக்கு எந்த எண்ணும் இலக்காக முடியாது. தனக்குக் கீழே மூன்று அணிகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. எனவே தன் புள்ளியைக் கூட்டுவதற்கு ஈடாக, பக்கத்தில் நிற்கும் அணியின் புள்ளியைக் குறைப்பதும் முக்கியமாகிவிடுகிறது.

1888இல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கழகங்களில் எவர்டனும் ஒன்று. ஒன்பது முறை லீக் பட்டம் வென்றது. தன் வரலாற்றில் 1930இலும் 1951இலுமாக இரண்டே முறைதான் தரமிறங்கியிருக்கிறது. 1954இல் மேலேறியபின் ஒரு பருவம்கூட முதல் பிரிவைவிட்டு விலகவில்லை. 1927-28 லீக் பருவத்தில் 60 கோல் அடித்த டிக்ஸி டீன் ஆடிய அணியே இரண்டாண்டுகளில் கீழே போயிற்று என்பதைப் படிக்கும்போது, பெரிய பெயர் யாரையும் காப்பாற்றுவதில்லை என்பது புரியும். அந்த அணி மறு ஆண்டே இரண்டாம் பிரிவை வென்று, அதற்கு அடுத்த ஆண்டு முதல் பிரிவுப் பட்டத்தையும் வென்றது. இன்றைய நிலைமையில் அப்படித் திரும்பி வருவது எளிதல்ல. தொலைக்காட்சி வருமானத்தில் பிரீமியர் லீக்குக்கும் அடுத்த பிரிவான சாம்பியன்ஷிப்புக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்துவிட்டது. தரமிறங்கும் கழகங்களுக்கு மூன்று ஆண்டுகள்வரை படிப்படியாகக் குறையும் உதவித்தொகை தருகிறார்கள் என்பதே அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்குச் சாட்சி. எவர்டன் அப்போது லிவர்பூல் துறைமுகத்தின் பிராம்லி-மூர் பகுதியில் 50,000 பேருக்கு மேல் அமரக்கூடிய புதிய மைதானத்தைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தரமிறங்கியிருந்தால், மைதானப் பணியும் கழகமும் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

2023 ஜனவரி 21 அன்று வெஸ்ட் ஹாமிடம் 2-0 என்று தோற்றபோது எவர்டன் 20 ஆட்டங்களில் 15 புள்ளிகளோடு 19ஆம் இடத்தில் இருந்தது. அடித்த கோல்களும் 15தான். அதற்கு ஒரு வாரம் முன்பு, பட்டியலின் கடைசியில் கிடந்த சவுத்தாம்ப்டனிடம் சொந்த மண்ணிலேயே தோற்றிருந்தது. கழக இயக்குநர்கள் அந்த ஆட்டத்துக்குப் பாதுகாப்பு ஆலோசனையின் பேரில் மைதானத்துக்கே வரவில்லை. ரசிகர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான உறவு அந்த அளவுக்கு முறிந்திருந்தது. மேலாளர் ஃபிராங்க் லாம்பார்ட் நீக்கப்பட்டார். அந்தோணி கார்டன் நியூகாசிலுக்கு விற்கப்பட்டார். ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஜனவரிச் சந்தை மூடும்வரை ஒரு புதிய ஆட்டக்காரர்கூட வரவில்லை. மாத இறுதியில் புதிய மேலாளராக ஷான் டைச் வந்தார். எஞ்சியிருந்தவை 18 ஆட்டங்கள்.

இங்கேதான் கணக்கு சுவையாகிறது. டைச் வந்தபின் எவர்டனின் தற்காப்பு இறுகியது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எண்களைப் பார்த்தால் லாம்பார்டின் 20 ஆட்டங்களில் 28 கோல் வாங்கிய அணி, டைச்சின் 18 ஆட்டங்களில் 29 கோல் வாங்கியிருக்கிறது. சராசரி கூடியிருக்கிறது! அப்படியானால் 20 ஆட்டங்களில் 15 புள்ளி எடுத்த அதே ஆட்டக்காரர்கள், ஒரு நல்ல ஆட்டக்காரரை இழந்தும், 18 ஆட்டங்களில் 21 புள்ளி எடுத்தது எப்படி? வாங்கிய கோல்கள் எந்தெந்த ஆட்டங்களில் விழுந்தன என்பதில் விடை இருக்கிறது. ஆர்சனலிடம் 4-0, நியூகாசிலிடம் 4-1, மான்செஸ்டர் சிட்டியிடம் 3-0, ஃபுல்ஹாமிடம் 3-1 என்று தோற்றபோது அணி மொத்தமாகக் கவிழ்ந்தது. நான்கு ஆட்டங்களில் 14 கோல்கள். ஆனால் 1-0 என்று தோற்றாலும் 4-0 என்று தோற்றாலும் இழப்பது அதே மூன்று புள்ளிதான். தான் ஒரு கோல் அடித்துவிட்ட ஆட்டங்கள் சிலவற்றில் எதிரணியை அடிக்கவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் டைச் கொண்டுவந்த மாற்றம்.

அவர் பொறுப்பேற்றபின் வந்த ஐந்து வெற்றிகளில் நான்கு 1-0 என்று முடிந்தவை. முதல் ஆட்டத்திலேயே, பட்டியலின் உச்சியிலிருந்த ஆர்சனலை ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி தலையால் முட்டிய ஒரு கார்னர் பந்து வீழ்த்தியது. லீட்ஸுக்கு எதிராக, வலப்பக்கம் கோட்டை ஒட்டிய குறுகிய கோணத்திலிருந்து கேப்டன் சேமஸ் கோல்மன் அடித்த பந்து உள்ளே போனது. பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக முதல் நிமிடம் முடிவதற்குள் ட்வைட் மெக்னீல் அடித்த கோலைக் கடைசிவரை கட்டிக்காத்தார்கள். கடைசி நாள் போர்ன்மத்துக்கு எதிராகவும் அதேதான். முதற்பாதிப் பருவத்தில் வெஸ்ட் ஹாமை வென்றதையும் சேர்த்தால், ஐந்து கோல்களில் 15 புள்ளிகள். பருவம் முழுவதும் எவர்டன் அடித்தவை வெறும் 34 கோல்கள், வுல்வர்ஹாம்ப்டனைத் தவிர வேறு எந்த அணியும் அவ்வளவு குறைவாக அடிக்கவில்லை. லெஸ்டர் 51 கோல் அடித்தது. லீட்ஸ் 48 அடித்தது. இரண்டும் கீழே போயின. 17 கோல் அதிகமாக அடித்த அணி, இரண்டு புள்ளி குறைவாக எடுத்ததை வேறெப்படி விளக்குவது? லெஸ்டர் வாங்கியவை 68, லீட்ஸ் வாங்கியவை 78, எவர்டன் வாங்கியவை 57.

அந்த ஆண்டு லெஸ்டரைத் தாண்டி லீட்ஸின் பதற்றத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். பிப்ரவரியில் ஒரு மேலாளரை நீக்கி, அடுத்தவரையும் நீக்கி, கடைசி நான்கு ஆட்டங்களுக்காக சாம் அலர்டைஸை அழைத்து வந்தார்கள். நான்கில் ஒரே ஒரு சமன், மூன்று தோல்வி. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டிய கதைதான். எவர்டன் ஜனவரியிலேயே மேலாளரை மாற்றியதால் புதியவருக்கு 18 ஆட்டங்கள் கிடைத்தன. அந்த நிர்வாகம் அந்த ஆண்டு செய்த மிகச் சில சரியான காரியங்களில் அதுவும் ஒன்று.

இனி மே 1ஆம் தேதிக்கு வருகிறேன். லெஸ்டரின் கிங் பவர் மைதானத்தில் எவர்டன் ஆடியது. இந்தியாவில் நேரம் நள்ளிரவைத் தாண்டியிருந்தது. இரண்டு அணிகளும் அடிமட்டத்தில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தன. டொமினிக் கால்வர்ட்-லூவின் பெனால்டியில் எவர்டனை முன்னால் கொண்டுபோனார். லெஸ்டர் இரண்டு கோல்களைத் திருப்பி அடித்தது. இடைவேளைக்குச் சற்று முன்பு கோல்மன் காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார். அதன்பின் லெஸ்டருக்கு ஒரு பெனால்டி. பந்தின் முன் நின்றவர் ஜேம்ஸ் மேடிசன். அது உள்ளே போயிருந்தால் இடைவேளையில் 3-1.

கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டின் தண்ணீர்ப் புட்டியில், லெஸ்டரில் யார் யார் பெனால்டி அடிக்கக்கூடும், ஒவ்வொருவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மேடிசனுக்கு எதிரே நடுவில் நிற்க வேண்டும் என்பதே குறிப்பு. பெனால்டியின்போது அசையாமல் நிற்பது கோல்கீப்பருக்கு மிகவும் கடினமான காரியம். உடம்பு ஏதாவது ஒரு பக்கம் பாயத் துடிக்கும். பந்து மூலைக்குப் போய்விட்டால் மரம்போல் நின்றதாக உலகமே ஏசும். துறுதுறுப்புக்கும் படபடப்புக்கும் பேர்போன பிக்ஃபோர்ட் அந்தக் கணத்தில் நின்ற இடத்திலேயே நின்றார். மேடிசன் நேராக நடுவில் அடித்தார். பந்து பிக்ஃபோர்டின் கைகளில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதியில் அலெக்ஸ் இவோபி அடித்த கோலோடு ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

இப்போது இறுதிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அந்த ஆட்டத்தில் லெஸ்டர் வென்றிருந்தால் லெஸ்டருக்கு 36, எவர்டனுக்கு 35. மற்ற எல்லா முடிவுகளும் அப்படியே இருந்தாலும், எவர்டன்தான் தரமிறங்கியிருக்கும். நேரடிப் போட்டியாளருக்கு எதிரான ஆட்டத்தில் கிடைக்கும் ஒரு சமன் மூன்று புள்ளிக்குச் சமம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. நமக்கு ஒன்று கிடைக்கிறது, அவர்களிடமிருந்து இரண்டு போகிறது.

இதற்கு நேர்மாறான இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். மே 20 அன்று வுல்வர்ஹாம்ப்டனில், ஒரு கோல் பின்தங்கியிருந்த எவர்டனுக்காக, நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் ஒன்பதாம் நிமிடத்தில் யெரி மீனா கோல் அடித்தார். அந்தப் பருவத்தைப் பற்றிப் பேசும் எவர்டன்காரர்கள் யாரும் அந்தக் கோலைச் சொல்லாமல் விடமாட்டார்கள். எவர்டன் கடைசியில் 36, லெஸ்டர் 34. கோல் வித்தியாசத்தில் லெஸ்டர் மேலே இருந்ததால் எவர்டனுக்குக் குறைந்தது 35 தேவைப்பட்டது. ஆக, கையிருப்பு ஒரே ஒரு புள்ளி. மீனா அந்தக் கோலை அடிக்காமலிருந்தாலும், கடைசி நாளில் வென்றிருந்தால் எவர்டன் 35 புள்ளியோடு தப்பியிருக்கும். கடைசி நாளில் வெல்லாமல் சமன் செய்திருந்தால், மீனாவின் கோல் இருந்தும் 34இல் நின்று, கோல் வித்தியாசத்தில் இறங்கியிருக்கும். எல்லாரும் கொண்டாடும் கோல் கணக்கில் மிச்சமாக நிற்கிறது. மூன்று வாரம் முன்பு ஒரு கோல்கீப்பர் அசையாமல் நின்றது கணக்கின் அச்சாணியாக இருக்கிறது. கடைசி நாளுக்குள் இரண்டு புள்ளி முன்னிலையோடு நுழைவதற்கும் ஒரு புள்ளி முன்னிலையோடு நுழைவதற்கும் மனத்தளவில் பெரிய வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்தத் தெம்பை மீனா கொடுத்தார்.

என் வாதத்துக்குள் அடங்காத ஓர் ஆட்டமும் இருக்கிறது. லெஸ்டரில் சமன் செய்த ஒரு வாரத்தில் எவர்டன் பிரைட்டனுக்குப் போய் 5-1 என்று வென்றது. அந்தப் பருவத்தில் ஆறாம் இடம் பிடித்த பிரைட்டன், ஜனவரியில் எவர்டனின் சொந்த மைதானத்தில் 4-1 என்று வென்ற அணி. முதல் நிமிடத்திலேயே அப்துலாயே டூக்குரே அடித்தார், பிறகு இன்னொன்று, மெக்னீல் இரண்டு, எதிரணி கோல்கீப்பர் மேல் பட்டு ஒன்று. பந்து பெரும்பாலும் பிரைட்டனின் கால்களில்தான் இருந்தது. அன்று அந்த அணி அப்படி ஆடும் என்று எந்தக் கணக்கும் சொல்லியிருக்காது. அந்த மூன்று புள்ளி இல்லாமல் மற்ற எதுவும் போதுமானதாக இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மே 28. எவர்டனின் அப்போதைய சொந்த மைதானமான கூடிசன் பார்க்கில் போர்ன்மத். எவர்டன் 33, லெஸ்டர் 31, லீட்ஸ் 31. எவர்டன் வென்றால் மற்றவர்கள் என்ன செய்தாலும் கவலையில்லை. அணியில் கால்வர்ட்-லூவின் இல்லை, ஆடத் தகுதியான முறையான பக்கத் தற்காப்பாளர்கள் இல்லை. ஒட்டுப்போட்ட அணியாகத்தான் களமிறங்கியது. லெஸ்டர் தன் ஆட்டத்தில் முன்னிலை பெற்றுவிட்டது. அந்த நிலையில் எவர்டன் தரமிறக்க இடத்துக்குள் போய்விட்டது. 57ஆம் நிமிடத்தில் பெட்டிக்கு வெளியே அரைகுறையாக வெளியேற்றப்பட்ட பந்து எகிறி வர, அது தரையில் விழும் கணத்தில் டூக்குரே வலக்காலால் வெளுத்தார். லாம்பார்டின் கடைசி நாள்களில் ஓரங்கட்டப்பட்டிருந்த அதே டூக்குரே. அதன்பின் நடுவர் சேர்த்துக் கொடுத்த பத்து நிமிடத்தையும் கூட்டிப் பார்த்தால் ஒரு கோலை முக்கால் மணி நேரம் பாதுகாக்க வேண்டியிருந்தது. இறுதிக் கட்டத்தில் போர்ன்மத்தின் மத்தியாஸ் வீனா அடித்த பந்தைப் பிக்ஃபோர்ட் தட்டிவிட்டார். அது உள்ளே போயிருந்தால் எவர்டன் கதை முடிந்திருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லெஸ்டர் அன்று வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றும் இறங்கியது. 2014-15இல் பருவத்தின் பெரும்பகுதியைக் கடைசி இடத்தில் கழித்துவிட்டு, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வென்று தப்பி, மறு ஆண்டே பட்டம் வென்ற கழகம் அது. அந்த அணி 2022-23இல் கடைசி இடம் பிடித்த சவுத்தாம்ப்டனிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. 25 புள்ளி மட்டுமே எடுத்த சவுத்தாம்ப்டனுக்கு அதில் ஆறு புள்ளி லெஸ்டர் கொடுத்தவை. அந்த இரண்டில் ஒன்றையாவது வென்றிருந்தால் இன்று நான் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பேன்.

லெஸ்டர் ரசிகர்களின் மனக்குறை இன்னொன்றும் உண்டு, அது நியாயமானது என்றே கருதுகிறேன். லீக்கின் நிதி விதிப்படி, 2021-22இல் முடிந்த மூன்றாண்டுக் கணக்கில் ஒரு கழகத்துக்கு அனுமதிக்கப்பட்ட இழப்பு 10.5 கோடி பவுண்டு. எவர்டனின் இழப்பு 12.45 கோடி. இதற்கான தண்டனை 2023 நவம்பர் 17 அன்றுதான் வந்தது. பத்துப் புள்ளிக் குறைப்பு. மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் அது ஆறாகக் குறைந்தது. அதே ஆறு புள்ளியை 2022-23 பருவத்திலேயே கழித்திருந்தால் எவர்டன் 30 புள்ளியோடு இறங்கியிருக்கும், லெஸ்டர் தங்கியிருக்கும். குற்றம் நடந்த காலத்துக்கும் தண்டனை வந்த காலத்துக்கும் இடையே ஒரு பருவம் முழுதாகக் கடந்துபோனது. அந்த இடைவெளியில் வேறொரு ஊரின் கழகம் கீழே போயிற்று. நான் நேசிக்கும் அணி அதனால் பிழைத்தது என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

ஆனால் தண்டனை வந்த பருவத்தைப் பார்த்தால், டைச் கட்டிய அணியின் இயல்பு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. பத்துப் புள்ளி பறிபோனதும் எவர்டன் 14 புள்ளியிலிருந்து 4 புள்ளிக்கு விழுந்து, 19ஆம் இடத்துக்குப் போனது. டிசம்பரில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட், நியூகாசில், செல்சி, பர்ன்லி ஆகிய நான்கையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது. பிறகு 13 லீக் ஆட்டங்கள் வெற்றியே இல்லாத நீண்ட வறட்சி. ஏப்ரலில் இரண்டாவது நிதி விதி மீறலுக்காக இன்னும் இரண்டு புள்ளி போயின. ஏப்ரல் 15 அன்று செல்சியிடம் 6-0 என்று தோற்றது. அந்த இரவு எவர்டன் ஆதரவாளர் யாரிடமும் நம்பிக்கையைப் பார்க்க முடிந்திருக்காது. நான் சொன்ன கணக்கு அங்கேயும் பொருந்தியது. ஆறு கோல் வாங்கினாலும் இழந்தவை மூன்று புள்ளிதான்.

பருவ முடிவில் எவர்டன் அடித்தவை 40 கோல்கள், லீக்கில் ஷெஃபீல்ட் யுனைடெட் மட்டுமே அதைவிடக் குறைவாக அடித்தது. வாங்கியவை 51, ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல் ஆகிய மூன்று அணிகள் மட்டுமே அதைவிடக் குறைவாக வாங்கின. ஆட்டத்தில் சம்பாதித்தவை 48 புள்ளிகள். எட்டு கழிந்தபின்னும் 40, பதினைந்தாம் இடம்.

அந்த 6-0 தோல்விக்கு அடுத்த வாரம் கூடிசன் பார்க்கில் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள். ஏப்ரல் 21 அன்று ஃபாரஸ்டை 2-0 என்று வென்றது. 24ஆம் தேதி, பட்டப் போட்டியிலிருந்த லிவர்பூலை ஜாரட் பிராந்த்வெயிட்டும் கால்வர்ட்-லூவினும் அடித்த கோல்களால் 2-0 என்று வென்றது. 27ஆம் தேதி பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக இத்ரிசா கானா கேயே அடித்த ஒரு கோல் போதுமானதாயிற்று. அத்தோடு எவர்டனின் இடம் உறுதியானது. விசாரணைக் குழுக்கள் அந்தப் பருவத்தில் பறித்தவை மொத்தம் எட்டுப் புள்ளிகள். அந்த ஏழு நாளில், ஒரு கோலும் வாங்காமல், எவர்டன் எடுத்தவை ஒன்பது.